அண்ணன் பெயர் இருக்கும் வெண்கலப் பலகை

அன்புள்ள அக்காவுக்கு,

கிளெம் வணக்கத்துடன் எழுதுவது. கையெழுத்து அடுத்த வீட்டு நோரீனுடையது, பேச்சு என்னுடையது. இடுப்பு வலி தேவலையா? ஹோபார்ட் குளிரில் அதிகம் வெளியே போகாதீர்கள்.

முயல்களெல்லாம் நோய் வந்து கண் வீங்கிச் செத்து, மலைச்சரிவே நாறிய வருடம். இங்கிலாந்தின் பழைய அரசர் இறப்பதற்கு முந்தைய வருடம். அப்போதுதான் லெஸ் அண்ணன் கொரியப் போருக்குப் போனான். அதற்கு முன்பெல்லாம் அந்தியில் முயல்கள் கிளம்பினால் குன்றே எழுந்து நடப்பது போலிருக்கும். பொறி வைத்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள் நாங்கள். முயல் இல்லை, பிழைப்பும் இல்லை. பட்டாளத்துச் சம்பளம் வந்ததும் உங்களுக்குக் கல்யாண மோதிரம் வாங்குவேன் என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

தலைநகரத்துப் போர் நினைவிடத்தில், திரும்பி வராதவர்களோடு அவன் பெயரும் வெண்கலப் பலகையில் இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாதென்று அம்மாதான் என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். அன்றிலிருந்து விரல்தான் வழி. வளைவுக்கு வலப்புறம், தூணைத் தாண்டி, நெஞ்சு உயரத்தில். பிற்பகல் வெயிலில் பலகை குதிரைக் கழுத்து போல இளஞ்சூடாக இருக்கும். கண்ணை மூடினால், நினைவிட முற்றத்துக் குளம் எங்கள் ஓடையாகிவிடும். லெஸ் ஈரச் சட்டையைப் பாறையில் விரித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். கண் திறக்க மனமே வராது.

இப்போது அந்த நினைவிடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப் போகிறார்களாம். பலகைகளைக் கழற்றி, புது மண்டபத்தில் வேறு வரிசையில் மாட்டுவார்களாம். ஊர் ஊராக எதிர்ப்பு. எங்கள் ஊர்க் கூட்டத்தில் நிற்க இடமில்லை. "செத்தவங்க இருக்கிற எடத்துல பொருட்காட்சியாய்யா நடத்துவீங்க?" என்று ஒருவர் கத்தினார்.

வந்திருந்த அதிகாரி நல்ல பையன். "பெரியவரே, ஒரு பேரும் காணாமப் போகாது. திரையில பேரத் தட்டுனா எங்க இருக்குன்னு அதுவே காட்டிரும்" என்றான்.

"எழுத்தே தெரியாதவன் எதத் தட்டுறது தம்பி?" என்றேன்.

"உன் தலையத் தட்டு கிளெம், அதான் காலியா கெடக்கு!" என்று பின்னாலிருந்து என் பழைய கூட்டாளி பார்ட் குரல் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு ஒரு பெண் எழுந்தாள். மகனை ஆப்கானிஸ்தானில் பறிகொடுத்தவள். "எம்புள்ளையோட போனவங்களுக்கு அங்க ஒரு மூலைதான் குடுத்திருக்காங்க. உங்க எடத்த நான் கேக்கல. கொஞ்சம் நகந்து உக்காருங்கன்னுதான் கேக்குறேன்" என்றாள். ஆனால் எதிர்ப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கைகளும் மேலே போயின. என் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. பார்ட் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

வசந்தத்தில் வேலி போடுகிறார்கள். பலகைகள் திரும்பி வர நாலைந்து வருடமாகுமாம். எனக்கு அவ்வளவு காலமில்லை என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அதனால் ஒரு வேண்டுகோள், அக்கா. மண்டபம் திறந்ததும் ஒருமுறை போய், அவன் எங்கே இருக்கிறான் என்று பாருங்கள். பெயரை வாசிக்க ஆயிரம் பேர் வருவார்கள். வாசித்ததும் அவன் முகம் தெரிகிறவர் ஒருவராவது போக வேண்டும். அம்மா போய்விட்டாள். அவனோடு பட்டாளத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நானும் போன பிறகு, அந்த முகம் தெரிந்தவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். கர்த்தர் உங்களை நெடுநாள் வைத்திருக்கட்டும், மேவிஸ் அக்கா.

இப்படிக்கு,
கிளெம்