சாரலில் ஏறிய எண்

அக்கா,

இன்று காலை தென்காசியில் சாரல் இறங்கிவிட்டது. லேப் ஜன்னலைத் திறந்ததும் ஈரக்காற்று உள்ளே வந்து, பஞ்சில் நனைத்த ஸ்பிரிட் வாசத்தோடு கலந்தது. நீ கையை நீட்டி உட்கார்ந்திருப்பதாகவே தோன்றித் திரும்பிப் பார்த்தேன்.

உனக்கு மனச்சிதைவு என்று டாக்டர் சொன்ன பிறகு, மாதாமாதம் உன் ரத்தத்தை நான்தான் எடுத்தேன். உன் மாத்திரை வெள்ளணுக்களைக் குறைத்துவிடலாம் என்பதால் அவற்றை எண்ண வேண்டும். கூடவே, உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும் நானாகச் சேர்த்துக்கொண்டேன். அது கூடினால் உன் நோயும் கூடலாம் என்று எங்கோ அரைகுறையாகப் படித்திருந்தேன். எண் ஏறிய மாதங்களில் உன்னைப் பூப்போலப் பார்த்துக்கொள்வேன். இறங்கிய மாதங்களில், காதுக்குள் ஆட்கள் ஏசுகிறார்கள் என்று நீ அழுதாலும், "ரிப்போர்ட் நல்லா இருக்குக்கா, சும்மா இரி" என்பேன். பெரிய மேதை நான்!

அருவியில் நனைந்தால் தலை தெளியும் என்று அம்மா நச்சரித்ததால், ஒரு ஆனி மாதம் ஐந்தருவிக்குப் போனோம். வெளியே வந்தபோது உன் உதடுகள் நடுங்கின. முகம் அப்படித் தெளிந்திருந்தது. "ஏலே, உள்ள நின்னா ஒருத்தனும் பேச மாட்டுக்கான். தண்ணிச் சத்தம் மட்டுந்தான்" என்றாய். பஸ்ஸில் ஈரத்தலையோடு என் தோளில் சாய்ந்து தூங்கினாய். மலையிலிருந்து மேகம் இறங்கி, தென்னைகளை ஒவ்வொன்றாக மறைத்தது. கனவா நனவா என்று எனக்கே பிடிபடவில்லை.

மறுவாரம் எண் எகிறியிருந்தது. நீ தொண்டை கட்டி இருமிக்கொண்டிருந்தாய். அதைக்கூடப் பார்க்காமல், அருவிதான் உன் நோயைக் கிளறிவிட்டது என்று முடிவுகட்டினேன். இரண்டு சீசன் உன்னைக் குற்றாலம் பக்கமே விடவில்லை. கெஞ்சிப் பார்த்தாய். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாய்.

ஒருநாள் ரத்தம் எடுக்கும்போது, கோபமே இல்லாமல் கேட்டாய்: "தாளப் பாத்துச் சொல்லுலே, இந்த மாசம் எனக்கு எம்புட்டு கஷ்டமா இருக்கணும்?"

நான் சிரித்து மழுப்பினேன். நீ போனதும் பழைய தாள்களை எடுத்துப் பரப்பினேன். சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்த மாதங்களில் எண் சாதாரணம். அருவிக்குப் போய்வந்து நீ தெளிந்திருந்த அந்த ஒரு வாரத்தில் உச்சம். டாக்டரிடம் ஓடினேன். "சளிக்கும் அது ஏறும். ஒரு ஆளோட கஷ்டத்தை அத வச்சு அளக்க முடியுமா? அவங்ககிட்ட கேளுங்க" என்றார்.

அடுத்த சாரலுக்குக் கட்டாயம் கூட்டிப்போவதாகச் சொன்னேன். "வாரேன்லே" என்றாய். பங்குனியிலேயே மாரடைப்பில் போய்விட்டாய்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இன்று கடையத்திலிருந்து மனைவியோடு வந்த ஒருவர், அவளுடைய ரிப்போர்ட்டை வாங்கி, "நோய் கொறைஞ்சிருக்கா சார்?" என்று என்னிடம் கேட்டார். நான் அந்த அம்மாவிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்றேன். கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பேசத் தொடங்கினார். வெளியே வரிசை நின்றது. நான் முழுசாகக் கேட்டேன் அக்கா, உன்னிடம் கேட்டிருக்க வேண்டியதை.