சுவருக்கு அந்தப் பக்கத்து ஆட்டம்

2004 செப்டெம்பர் 26, ஞாயிறு

மழை. பூசைக்குப் போகவில்லை. உடுப்புத் தோய்த்தேன். மீன் குழம்பு, இரண்டு நாளுக்குக் காணும்.

மத்தியானம் அடுத்த வீட்டுப் பிரெஞ்சுக்காரர் முசியே றெனேயிடம் வழமைபோல ஆரவாரம். ஞாயிறு தவறாமல் ஆட்கள். கைதட்டு, விசில், யாரோ உரத்த குரலில் பிரெஞ்சு. எண்பது வயதுக் கிழவருக்கு இவ்வளவு சனம். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு என் கதவைத் தட்டுவது மீற்றர் பார்க்கிறவன் மட்டும்.

இன்று சத்தம் இடையில் சட்டென்று நின்றது. ஒருவரும் படியிறங்கிப் போகவும் இல்லை.

28, செவ்வாய்

சென்ட் லோரன்ட் தெரு பஸ் பிந்தி, வேலைக்கும் பிந்தினேன். ரொறன்ரோவிலிருந்து அக்கா போன்.

"தம்பி, ஏன் அங்க தனியக் கிடக்கிறாய்? இங்க வந்து எங்களோட இரன்."

"பேந்து பாப்பம் அக்கா."

"பேந்து பேந்து எண்டே ரெண்டு வருசமாச்சு."

முசியே றெனேயின் வாசலில் பேப்பர் எடுக்காமல் கிடக்கிறது.

29, புதன்

இன்றும் பேப்பர் கிடந்தது. பயம். தட்டினேன். திறக்க நேரமெடுத்தது. சவரம் செய்யாத முகம். கதவைத் திறந்தபடி விட்டு உள்ளே நடந்தார்.

உள்ளே யாருமில்லை. உட்கார ஒரேயொரு கதிரை. மேசையில் பழைய கசெற் பிளேயர், வெளியே இழுபட்டுச் சிக்கிய நாடா.

என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டதில் விளங்கியது: ஞாயிற்றுக்கிழமைச் சனமெல்லாம் அந்தக் கசெற்றுக்குள். ஐம்பதுகளில் இந்த ஊரில் நடந்த பேஸ்போல் ஆட்டத்தின் றேடியோ வர்ணனையாம், பிறகு கசெற்றில் ஏற்றியது. சம்பளத்துக்கு அவர் ஆடிய ஒரேயொரு ஆட்டம். கடைசிப் பந்தை அடித்தது அவர். மைதானமே எழுந்து நின்றதாம். எதிரணிக்காரன் வேலி வரை ஓடிப் பிடித்துவிட்டான். தோல்வி. அடுத்த வருடம் கூப்பிடவில்லை. பிறகு ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டினார்.

ஒக்டோபர் 2, சனி

வெயில், ஆனால் குளிர். மெட்ரோவில் எல்லோரும் ஒரே கதை: ஊர் பேஸ்போல் அணி வேறு நகரத்துக்குப் போகிறது. முசியே றெனேயிடம் போய்ச் சொன்னேன். தோளைக் குலுக்கினார்.

நாடாவைப் பென்சிலால் சுற்றினேன். இரண்டு முழம் கசங்கிக் கிழிந்திருந்தது. எதிரணிக்காரன் பந்தைப் பிடிக்கிற இடம் என்றார்.

"வெட்டித்தான் ஒட்டவேணும். அந்த இடம் போயிடும்," என்றேன்.

கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

"வெட்டும்."

ஒட்டிப் போட்டுக் கேட்டோம். பந்து மேலே போகிறது, சனம் அலறுகிறது, உடனே சவர்க்கார விளம்பரம். பந்து கீழே வரவேயில்லை. எனக்குச் சந்தோசம்.

"இனி நீங்கள் தோக்கேல்லை."

அவர் முகம் கறுத்தது. "அவன் எப்பிடி ஓடினவன் தெரியுமோ? அப்பிடியொரு பிடி நான் பிறகு பாக்கேல்லை. அதையெல்லோ வெட்டிப்போட்டம்."

பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். வந்துவிட்டேன்.

3, ஞாயிறு

முசியே றெனேயே வந்து தட்டினார். என் கதிரையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒட்டிய இடம் வந்ததும் பிளேயரை நிறுத்தினார். எழுந்து நின்று, அந்தப் பிடியைத் தன் வாயாலேயே சொன்னார். ஓட்டம், வேலி, பாய்ச்சல். கையை உயர்த்திக் காட்டினார். பிடித்தவனின் பேரையும் சொன்னார். அவன் செத்தும் கனகாலமாம்.

பிறகு கேட்டார்: "உம்மட மனிசியின்ர பேர் என்ன?"

அவள் செத்த பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அக்கா கூட "அவள்" என்றுதான் சொல்லுவா. நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"செல்வமலர்."

"செல்வாமலா."

"இல்லை. செல்வமலர்."

திரும்பவும் பிழை. திரும்பவும் சொல்லிக்கொடுத்தேன்.