உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி

அன்புள்ள மகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் பிறந்தவளும் தூங்குகிறீர்கள் என்று மாப்பிள்ளை தகவல் அனுப்பியிருந்தார்.

பிரசவ அறைக்குள் ஒருவர்தான் வரலாம் என்று நர்ஸ் சொன்னதும் நீ மாப்பிள்ளையைக் கைகாட்டினாய். எனக்குச் சுருக்கென்றது. மூத்தவன் பிறந்தபோது ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து, உனக்கு முன்னால் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்ட மனிதர். நான் வந்து சேரும்வரை நீ தனியாகவே கிடந்தாய். இந்த முறை நானே உள்ளே நிற்பது என்றுதான் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பென்று எப்போது சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது அவர் குரல். டிரைவிங் ஸ்கூலில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே குரல்.

"அவசரப்படாத. மேடு ஏறுது, அவ்வளவுதான். அப்படியே பிடி. இப்ப மெதுவா விடு."

"யோவ், நான் என்ன காரா?" என்று கத்தினாய். பிறகு, அந்த வலியிலும் சிரித்தாய்.

உன்னைப் பெற்ற அன்று நான் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் யாரும் இல்லை. அது போகட்டும்.

குழந்தையின் அழுகை கேட்ட பிறகே எனக்கு மூச்சு வந்தது. வெளியே வந்தவரின் கையெல்லாம் உன் நகக்குறிகள். "நான் விழல, அத்தை" என்றார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று அவர் மூன்று முறை சொல்லியும், உயிர்மேல் ஆசை இருக்கிறது என்று மறுத்தவள் நான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது காலையில் எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்.

இப்படிக்கு,
அம்மா