ஐந்து சென்டிமீட்டர் கல்

மார்ச் 4

அன்புள்ள உனக்கு,

போனில் பேசினால் எனக்கு வரிசை தப்பிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். செய்திகள் நான்கு.

1. என் உடம்பு.
2. டாக்டர் செய்யப்போவது.
3. உன் அண்ணன் இறந்தபோது நான் வராத காரணம்.
4. இப்போது நீ கிளம்பி வர வேண்டியதில்லை என்பது.

முதலாவது. சிறுநீர்ப்பையில் கல். ஸ்கேனில் ஐந்து சென்டிமீட்டர். தவறாகப் படித்துவிட்டேனோ என்று டாக்டரிடம் மறுபடி கேட்டேன். மில்லிமீட்டர் இல்லை, சென்டிமீட்டர்தான். புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்து, சிறுநீர் முழுதும் வெளியேறாமல் தங்கி, வருடக்கணக்கில் வளர்ந்த கல்லாம்.

இரண்டாவது. முன்பெல்லாம் வயிற்றைக் கிழித்து எடுப்பார்களாம். இப்போது அடிவயிற்றில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே குழாய் விட்டு, கல்லை உள்ளேயே உடைத்து, துண்டுகளை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். வீக்கத்தையும் அப்போதே சரிசெய்வார்கள். மூன்று நாளில் வீடு. வரும் பதினெட்டாம் தேதி.

மூன்றாவது. நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்பு, வர முடியாது என்று சொன்னேன். அது பொய். ஐந்து மணி நேரப் பேருந்து. எனக்கோ அரை மணிக்கு ஒருமுறை ஒதுங்க வேண்டும், சில சமயம் அதற்குள்ளேயே முந்திவிடும். அத்தனை பேர் நடுவில் நனைந்த கால்சட்டையோடு நிற்க நேருமோ என்று பயந்தேன்.

நான்காவது. மாடி வீட்டுத் தையல்காரர் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணியைத் தனியே விட்டு வராதே. நீ அங்கே தங்கிவிட்ட இந்த ஒரு வருடம் சமாளித்துவிட்டேன் அல்லவா.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 11

உங்களுக்கு,

எண் போட்டு எழுதினா எனக்குக் கோபம் வராதுன்னு யார் சொன்னது?

நீங்க வராததுக்காக நான் இங்கயே தங்கிட்டேன்னு நினைச்சிட்டிருக்கீங்க. அது இல்ல. அன்னைக்கே நூலகத்துக்குப் போன் பண்ணேன். எடுத்தவர், "கணக்கெடுப்பா? அது போன மாசமே முடிஞ்சுதேம்மா"ன்னார். அண்ணனைத் தூக்கிட்டுப் போன வாசல்ல நின்னு அதைக் கேட்டேன். முப்பத்தெட்டு வருஷத்துல நீங்க சொல்லி நான் பிடிச்ச முதல் பொய். எதுக்குன்னு தெரியாம என்னென்னமோ நினைச்சேன். வாளியைத் தொடாத மனுஷன் தன் துணியைத் தானே அலசினாரே, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

கடிதத்தை அண்ணிகிட்டப் படிச்சுக் காட்டினேன். "கல்லை வயித்துல வச்சது போதாதுன்னு வாயையும் கல்லாக்கிட்டாரா உன் வீட்டுக்காரர்?"னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் நான் கொஞ்சம் அழுதேன்.

நான் வரணுமா, வேண்டாமா? உங்களுக்கு என்ன வேணும்னு ஒரே வரியில எழுதுங்க. அண்ணியை இழுக்காம, தையல்காரரை இழுக்காம.

நான்தான்

மார்ச் 22

அன்புள்ள உனக்கு,

ஒரே வரி கேட்டிருந்தாய். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அதற்குள் பதினெட்டாம் தேதி வந்துவிட்டது.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். விழித்தபடியே திரையில் கல்லைப் பார்த்தேன். மஞ்சள் நிறம். உடைத்து எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. "இவ்வளவு பெரிசை வச்சுக்கிட்டு எப்படி சார் யார்கிட்டயும் சொல்லாம இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். சிறுநீர் வெளியேற வைத்திருந்த குழாயை நேற்று எடுத்தார்கள். கொஞ்சம் எரிச்சல் இருக்கிறது. தடை இல்லை.

துளையை மூட ஒரே ஒரு தையல். தையல்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "நானா இருந்தா இன்னும் நெருக்கமாப் போட்டிருப்பேன்" என்றார். சிரித்தேன், வலித்தது. உன்னிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

மூன்று வாரம் பேருந்து கூடாதாம். அது முடிந்ததும் நான் வந்து அண்ணி முன்னால் நிற்க வேண்டும். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அதுவரை நீ இல்லாமல் நாளைத் தள்ள என்னால் முடியாது.

முதல் கடிதத்தில் நான்காவது செய்தி தவறு. வா.

உன் வீட்டுக்காரன்