இடது கையில் எரியவில்லை

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். உப்பு விளைய நல்லது என்று வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. எனக்கு வியர்வை, அரிப்பு.

கிரீம் யூனிட்டில் புது லோஷன். தயிரில் இருக்கிற அதே லாக்டிக் ஆசிட், கொஞ்சமாக. செத்த தோலை மெதுவாக எடுத்துவிடுமாம். லேபிள் ஒட்டுகிற பெண்களில் என் தோல்தான் எதைப் போட்டாலும் எரியும். அதனால் எந்தப் புதுச் சரக்கும் முதலில் என் மேல்தான். எவ்வளவு எரிகிறது, பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் சொல்ல வேண்டும்.

வலது கையில் போன தடவை வந்த தடிப்பு இன்னும் போகவில்லை. எனவே இடது கை, உள்பக்கம், பழைய தேமல் இருக்கும் இடம்.

"எரியுதாடி?" கல்பனா அக்கா, சூப்பர்வைசர்.

இல்லை. கொஞ்ச நேரம் கழித்தும் இல்லை.

"உனக்கே எரியலன்னா ஊருக்கே எரியாது! சென்சிடிவ் ஸ்கின்னுக்குன்னு லேபிள்ல தைரியமா போட்டுடலாம்."

எல்லோருக்கும் டீயோடு சமோசா. நான் பூஜ்யம் சொன்னது இதுதான் முதல் தடவை. சாம்பிள் பாட்டில் ஒன்று எனக்கு.

மார்ச் 4, செவ்வாய்

யூனிட் லீவு, கரண்ட் இல்லை. சோறு, கருவாட்டுக் குழம்பு. உப்பளத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "இன்னாமே, கையில கொப்புளம்?"

சோறு வடிக்கும்போது பானை பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

"சென்சிடிவ் ஸ்கின்னாம். சூடு பட்டதே தெரியல." அவருக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அவரும் பாப்பாவும் தூங்கிய பிறகு சாம்பிளைத் திறந்தேன். தேமலுக்கு ஒரு விரல் தள்ளி: நல்ல எரிச்சல். தேமலுக்குள்: ஒன்றுமில்லை. மறுபடி செய்து பார்த்தேன். அப்படியேதான்.

மார்ச் 5, புதன்

அரசு ஆஸ்பத்திரி. கூட்டம். ஃபேன் ஓடவில்லை.

டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். "பேனா நுனியால தொடுவேன். தொட்டா சொல்லும்மா." இன்னும் தொடவில்லை என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் தொட்டுக்கொண்டே இருந்தாராம்.

தொழுநோய். ஆரம்பம்தான். ஆறு மாதம் மாத்திரை, இலவசம். முதல் மாத்திரை அவர் கண்ணெதிரே. சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது. வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூட்டிவர வேண்டும்.

அழுகை வரவில்லை. வரும் வழியில் தக்காளி, கொத்தமல்லி. கொத்தமல்லி வாடல், கடைக்காரியிடம் சண்டை.

அக்காவுக்கு போன். "அக்கா, அந்த லோஷன் எரியும். என் கைதான் சரியில்ல. லேபிள்ல எதுவும் போட்டுடாதீங்க." கைக்கு என்ன என்று கேட்டார். டவர் இல்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

காற்று. துணியெல்லாம் பிசுபிசுப்பு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"குஷ்டமா?"

ஆமாம் என்றேன். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் ஒட்டாதாம், முழுசாகச் சரியாகிவிடுமாம். கேட்டுக்கொண்டே பாத வெடிப்பில் இருந்த உப்பை நோண்டினார். பிறகு:

"பாப்பா கன்னத்துல கூட வெள்ளையா இருக்குதே. அது?"

வயிற்றுப் பூச்சியால் வருவது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன் இத்தனை நாள். எனக்கு என்றபோது வராத பயம் அப்போது வந்தது. போய் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு. அவர் வேலைக்குப் போகவில்லை. பஸ்ஸில் பாப்பாவை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

முதலில் அவர். உடம்பு முழுக்கப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

பாப்பா நாலு வயசு. கண்ணை மூடு என்றால் மூடி மூடி எட்டிப் பார்க்கிறாள். அவர் ஒரு உள்ளங்கையால் அவள் கண்ணைப் பொத்தினார். டாக்டரம்மா பஞ்சைத் திரித்துக் கன்னத்தில், அந்த வெள்ளையில், வைத்தார்.

பாப்பா ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி வைத்தார்.

"ஐயோ, கூசுது! கூசுதுன்றேன்ல!" டாக்டரம்மா கையை ஒரே தட்டு.

டாக்டரம்மா சிரித்தார். சாதாரணத் தேமல்தானாம். எனக்கு அப்போதுதான் அழுகை. மூக்கைத் துடைக்கக் குனிந்தபோது பார்த்தேன்: வீட்டுக்காரருடைய இன்னொரு கை என் இடது கையில், தேமலின் மேலேயே. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை.