ஏழு வாளித் தண்ணீர்

இன்று பள்ளிக்கூட ஆய்வுகூடத்து அலுமாரியைத் துப்புரவு செய்தபோது அந்த வெப்பமானி கிடைத்தது. உறையில் ஊற்று மண்ணின் செங்கறை இன்னும் இருக்கிறது. அனுமதி கேட்காமல் பள்ளிக்கூடச் சாமான் ஒன்றை நான் வெளியே கொண்டுபோனது அந்த ஒரு தடவைதான். அதுவும் உன்னால்தான், சிநேகிதி.

அப்போது உனக்கு மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதம். குளக்கரையில் உள்ள ஏழு வெந்நீர் ஊற்றுகளில் குளிக்க வேண்டும் என்றாய். மாத்தளையில் தம்புள்ளை பஸ் ஏறியதிலிருந்து, தண்ணீர் நோயைத் தீர்க்காது என்று விளக்கிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி, "டீச்சர், பீரியட் முடிஞ்சிருச்சு" என்றாய்.

கரையில் பழைய கற்கோயில். புத்தரும் இருந்தார், பிள்ளையாரும் இருந்தார். பிக்குகள் குளித்த ஊற்று என்றார்கள் சிங்களவர்கள். முனிவர் தோண்டியது என்றார்கள் நம்மவர்கள். நான் ஆதாரம் கேட்டேன். நீ இரண்டு பக்கமும் கும்பிட்டுவிட்டு, "சூட்டை அளந்து சொல்லு, எனக்கும் தெரியணும்" என்றாய். ஏழு ஊற்றையும் அளந்தேன். நீ இடது கையால் கோணல்மாணலாகக் குறித்தாய்.

அங்கே ஒரு வழக்கம். ஊற்றுக்கு ஒரு வாளியாக ஏழு வாளி; தனக்குத் தானே ஊற்றக்கூடாது, கூட வந்தவர்தான் ஊற்ற வேண்டும். நீ வாளியை நீட்டினாய்.

"நம்பாதவ ஊத்தக்கூடாது. வேற யாரையாவது கேளு" என்றேன். அதை நேர்மை என்று நினைத்தேன்.

"நம்பிக்கைய நான் பாத்துக்கிறேன். நீ தண்ணிய ஊத்து. கை தோளுக்கு மேல எழும்ப மாட்டேங்குதுடி. தலைக்கு ஊத்திக் குளிச்சு மூணு மாசமாச்சு. வீட்டுல சொன்னா அழுவாங்க."

அப்போதுதான் உன் வலது கையைப் பார்த்தேன். பஸ்ஸில் அவ்வளவு தூரம் அதை ஒட்டித்தான் உட்கார்ந்து வந்திருந்தேன்.

ஊற்றினேன். ஏழாவது முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, "இன்னொண்ணு" என்றாய்.

"வழக்கம் ஏழுதான்."

"பாரேன், இப்ப மட்டும் பக்தி வந்திருச்சு."

எட்டாவதையும் ஊற்றினேன். நனைந்த முடியைப் பிழிய முடியாமல் என் முன்னால் தலையைக் குனிந்தாய். யாரிடமும் கேட்காதவள், என்னிடம் கேட்டாய். உன் துணிவில் நான் அதிகம் வியப்பது அதைத்தான்.

மறு வருடம் நீ போய்விட்டாய். அந்தத் தண்ணீரைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் யாராவது கோயிலுக்குக் கூட வரச் சொன்னால் இப்போது நான் வாதாடுவதில்லை. முதலில் அவர்களுடைய கையைப் பார்க்கிறேன்.