என் சுகத்துக்காக ஒரு பூசை

14 ஒக்டோபர் 2006, சனி

இன்றைக்கும் அன்னம். காலையிலிருந்து கலியாண மேடைக்கு இரண்டு அன்னப்பறவை, ஒரு இதயம் வெட்டினேன். வெட்டுகிற ரெஜிபோம் நுரைப்பலகையின் வெள்ளைத் தூள் மூக்குக்குள், தேநீருக்குள், என் மனுசன் தேவதாசனின் கறுப்புச் சேர்ட்டில். எத்தனை கலியாண மேடைக்கு இதே அன்னத்தை வெட்டிக் கொடுத்திருப்பேன்! கழுத்தை வளைத்து, சொண்டோடு சொண்டு முட்டவிட்டு, நடுவில் சிவப்பு இதயத்தை நட்டு, மினுங்கல் தூளைக் கொட்டினால் மேடை முடிந்தது. என் கண்ணைக் கட்டிவிட்டாலும் சூட்டுக் கம்பி தானாக அந்தக் கழுத்தை வெட்டும்.

மத்தியானம் எங்கள் கோயிலுக்கு வருகிற அல்போன்சம்மா மாமி போன் எடுத்தார். மகன் றொக்சனுக்குப் பெப்ரவரி பத்தாம் திகதி கலியாணம். தவக்காலத்துக்கு முன்னம் முடிக்க வேண்டுமாம். மேடைச் சோடனை என் பொறுப்பு. "ரெண்டு அன்னம் வை பிள்ளை. பெரிசா வை. ரொறன்ரோ ஆக்கள் வருவினம்."

ஓம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, சமையலறைக் கதிரையில் இருந்து அழுதேன். விசர்தானே எனக்கு? வேலை கிடைத்ததற்கு யாராவது அழுவார்களா?

ஒன்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு மேடை — ஒரேயொரு மேடை — நான் என் கண்ணால் கண்டதை வைத்துச் செய்ய வேண்டும். இந்தக் கலியாணத்தில் அது நடக்காவிட்டால் சூட்டுக் கம்பியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். சத்தியமாக.

17 ஒக்டோபர்

கலியாணமாகி இவ்வளவு காலத்தில், நான் கேட்காமலே தேவதாசன் வாங்கித் தந்த முதல் பொருள்: ஒரு சின்ன டிஜிற்றல் கமரா. "உன்ரை அன்னங்களைப் படம் எடுத்து வை. கேக்கிற ஆக்களுக்குக் காட்டலாம்" என்றார்.

முதல் படத்தை இன்று காலை வேலைக்குப் போகிற வழியில் எடுத்தேன். அன்னத்தை அல்ல. புவாண்ட்-கிளேர் பஸ் தரிப்புக்குப் பின்னால், வேலியோரம் காய்ந்து நின்ற ஒரு களையை. குடை மாதிரி விரிந்த தலை. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் குடை முழுக்கக் குட்டிக் குட்டிக் குடைகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் உறைபனி. யார் இதற்கு அளவு எடுத்துக் கொடுத்தது? குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில் பஸ் வந்து போய்விட்டது. வேர்ஹவுஸில் சுப்பவைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

20 ஒக்டோபர்

மறுபடியும் பஸ்ஸை விட்டேன்.

4 நவம்பர், சனி

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் போனோம். பல்கலைக்கழக வயல்களைத் தாண்டினால் வீதியோரம் நீளத்துக்கு வாய்க்கால். தேவதாசன் வானுக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு ரேடியோ கேட்க, நான் முழங்கால்வரை புல்லுக்குள். சதுப்புப் பக்கம் தடித்த பழுப்பு உருளைகள் நீட்டுத் தண்டில் நிற்கின்றன. குச்சியில் குத்திய சொசேஜ்தான். இன்னொன்றில் கிளிச் சொண்டு மாதிரிக் காய்கள் வெடித்து, உள்ளே பட்டுப் போல வெள்ளைப் பஞ்சு. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது — எங்கள் எருக்கலைக்கு இது சொந்தக்காரன்.

நாயோடு நடந்து வந்த ஒரு கிழவர் "போன்ஜூர்" சொல்லி நின்றார். என் கையிலிருந்த குடைத்தலையைக் காட்டி "கரோட் சோவாஜ்" என்றார். காட்டுக் கரட்! இத்தனை நாளும் பெயர் தெரியாமல் பஸ்ஸை விட்டிருக்கிறேன். "மெர்சி, மெர்சி" என்று இரண்டு தரம் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் மெதுவாகி, கண்ணாடி இறங்கி, மறுபடி ஏறிப் போனது. கோயில் சபையில் இருக்கிற அருமைராசா அண்ணை. நானோ தேவதாசனின் பழைய கோட்டு, தலையில் குளிர்த்தொப்பி, இரண்டு கையிலும் கறுப்புக் குப்பைப் பை. சிரித்துக் கை காட்டினேன். அவர் திருப்பிக் காட்டவில்லை.

8 நவம்பர்

வேலை முடிந்து வந்தால் வாசலில் அல்போன்சம்மா மாமி. கையில் இரண்டு சட்டி. ஒன்றில் புட்டு, மற்றதில் இறைச்சிக் கறி.

"பிள்ளை, வீட்டிலை எல்லாம் சரிதானே? தேவதாசன் உன்னோடை கதைக்கிறவரோ?"

"கதைக்கிறார் மாமி. ஏன், என்ன விஷயம்?"

"ஒண்டுமில்லை. நித்திரை வருதோ உனக்கு?"

எதற்காகக் கொண்டுவந்தார் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. கறி மட்டும் அந்த மாதிரி ருசி.

19 நவம்பர், ஞாயிறு

விளங்கிவிட்டது.

பூசை தொடங்க முன்னம், இன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று வாசிப்பார்கள் அல்லவா? முதலில் நீக்கிலாப்பிள்ளையரின் ஆண்டு நினைவு. அடுத்தது: "மனச்சுகவீனமுற்றிருக்கும் றெபேக்கா தேவதாசன் பூரண சுகம் பெறவேண்டி, அல்போன்சம்மா குடும்பத்தினர்."

முழுக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்தது. முன்வாங்கில் மாமி கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் செபிக்கிறார். அருமைராசா அண்ணை என்னைப் பார்த்து, "பயப்படாதை" என்பது போலத் தலையாட்டுகிறார்.

எனக்கென்ன விசரோ? வாய்க்காலுக்கை இறங்கினா விசரோ? காய்ஞ்ச பூவைப் பிடுங்கினா விசரோ? வருசக் கணக்கா அதே அன்னத்தை வெட்டேக்கை ஒருத்தரும் எனக்குப் பூசை ஒப்புக்குடுக்கேல்லை! அப்ப குடுத்திருக்க வேணும்! அப்பதானே எனக்கு உண்மையா வருத்தம்!

வானில் வரும்போது தேவதாசனின் தோள் சிரிப்பில் குலுங்கியது. "பலன் கிடைக்குதோ எண்டு பாப்பம்" என்றார்.

எழுதி முடித்துவிட்டு இருந்து யோசிக்கிறேன். கோபத்தைவிடப் பயம்தான் கூட. விசரி என்று பெயர் எடுத்தவளிடம் யார் தன் மகனின் கலியாண மேடையைக் கொடுப்பார்?

26 நவம்பர்

கோயிலுக்குப் போகவில்லை. சாட்டு: தடிமன், இருமல்.

2 டிசம்பர், சனி

புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதியில் நத்தார்ச் சோடனை தொடங்கிவிட்டது. எல்லாக் கடையிலும் பச்சை, சிவப்பு, தங்கம், கண் கூசுகிற பல்ப். மூலையில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் மட்டும் வெறும் மரக்கொப்புகள், ஒரு வெள்ளைத் துணி, ஒரு விளக்கு. அவ்வளவுதான். மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டு அதற்கு முன்னால் நின்றேன். சோடித்தவர் கை எங்கே வைத்தார் என்பதைவிட எங்கே வைக்காமல் விட்டார் என்றுதான் பார்த்தேன். நான் என்றால் அந்த இடத்தில் ஒரு இதயத்தை ஒட்டியிருப்பேன்!

காவலாளி வந்து படம் எடுக்கக் கூடாது என்றார். அதற்குள் எடுத்து முடித்துவிட்டேன்.

9 டிசம்பர், சனி

கிடைத்துவிட்டது. மாதாவே, கிடைத்துவிட்டது!

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வானிலிருந்து காட்டுக் கரட் கட்டுகளை இறக்கிக் கராஜ் கதவுக்கு முன்னால் வைத்தேன். வானின் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தால், கதவு முழுக்க நிழல். என்னைவிட உயரமான குடைகள், குடைக்குள் குடைகள், நரம்பு நரம்பாக.

"லைற்றை நூராதேங்கோ!" என்று கத்தினேன்.

"பற்றரி போயிடும்!"

"போகட்டும்!"

வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு, நடுவில் இந்தக் களைகள். சபையில் இருப்பவர்களுக்கு நிழல் மட்டும் தெரியும். துணிக்குக் கிட்ட வைத்தால் கூராக விழுகிறது. தள்ளி வைத்தால் பனிப்புகார் மாதிரி மங்குகிறது. கிட்ட, தள்ளி, கிட்ட, தள்ளி என்று வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் படம் எடுத்தேன்.

பற்றரி உண்மையாகவே போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து வயர் கொடுத்து எழுப்பிவிட்டார். தேவதாசன் குளிருக்குள் ரோச் பிடித்துக்கொண்டு நின்றார். பாவம் மனுசன்.

17 டிசம்பர், ஞாயிறு

ரக்ஷனா வந்தாள். றொக்சனைக் கட்டப்போகிற பெண். மேடைக்கு நிறம் தெரிவு செய்ய வந்தவளுக்குக் கராஜ் கதவுப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள், திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

"அக்கா, எனக்கு இதுதான் வேணும்."

"மாமியாரிட்டை ஆர் சொல்றது?"

"ஐயோ, நானில்லை! கலியாணத்துக்கு முன்னமே சண்டை பிடிக்கச் சொல்றீங்களோ?"

கடைசியில் நானே போன் எடுத்தேன். மாமி முழுக்கக் கேட்டார். பிறகு, "காய்ஞ்ச புல்லோ பிள்ளை? கலியாணத்துக்கோ? ரொறன்ரோவிலை உவை பளிங்கு மாதிரி மேடை போடுகினம், நான் புல்லுக்கு முன்னாலை என்ரை பிள்ளையை நிப்பாட்டுறதோ?" என்றார். புது வருடத்தோடு வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். பிடிக்காவிட்டால் வேலை ரொறன்ரோச் சோடனை ஆக்களுக்கு.

25 டிசம்பர்

இந்த முறை நத்தாருக்குப் பனி இல்லை, வெறும் ஈரத்தரை. மாமி கேக் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு போத்தல் தீர்த்தம்.

7 ஜனவரி 2007, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

பூசை முடிந்த கையோடு மாமி பட்டுச் சீலையில் வந்தார். நான் ஜன்னலோரம் துணி கட்டி, விளக்குப் பூட்டி, எல்லாம் ஆயத்தம். சதுப்பில் பிடுங்கி வந்த சொசேஜ் உருளைகளை மட்டும் சுவரோரம் ஹீற்றருக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தேன். நன்றாகக் காயட்டும் என்று கிழமைக் கணக்காக அங்கேதான். அது சூட்டுக்கு என்ன செய்யும் என்று எனக்குச் சொல்ல யார் இருந்தார்?

"உதென்ன பிள்ளை, கண்டறியாத சாமான்?" என்று மாமி விரலால் ஒன்றை அழுத்தினார்.

வெடித்தது. ஒரு உருளைக்குள் ஒரு தலையணைப் பஞ்சு இருக்கும் என்று யார் கண்டார்? தேவதாசன் புத்திசாலி மாதிரி ஓடிப்போய்ப் பல்கனிக் கதவைத் திறக்க, காற்று உள்ளே அடித்து மற்ற எல்லாமே வெடித்தன. மாமியின் கொண்டையில், புருவத்தில், பட்டுச் சீலையில், வாய்க்குள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை — கமராவை எடுத்து அமத்திவிட்டேன்.

"என்னைப் படம் எடுக்காதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்!" மாமி எந்தக் கலியாணத்திலும் கமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடுகிறவர். வாசலில் சப்பாத்தைப் போட்டபடி சொன்னார்: "ரொறன்ரோ ஆக்களிட்டையே குடுக்கிறன். நீ சுகமா இரு பிள்ளை. அது காணும் எனக்கு."

8 ஜனவரி

போய்விட்டது. என் மேடை போய்விட்டது. இன்னும் பஞ்சு அள்ளுகிறோம். இன்றைய சோற்றுக்குள்ளும் பஞ்சு.

13 ஜனவரி, சனி

சூட்டுக் கம்பியை எடுத்துக் குப்பைப் பைக்குள் வைத்தேன். வைத்த பிறகு, மாமியின் படத்தை அழிப்போம் என்று கமராவைத் திறந்தேன்.

மாமி கோபப்பட்டார் என்றுதானே நினைத்தேன்? படத்தில் மாமி சிரிக்கிறார். கத்துவதற்கு ஒரு நொடி முன்னம். வாய் திறந்து, ஒரு கையைத் தூக்கிப் பஞ்சைப் பிடிக்கப் பார்க்கிறார். பின்னாலிருந்து ஜன்னல் வெயில். மிதக்கிற ஒவ்வொரு இழையும் தெரிகிறது. இத்தனை வருடத்தில் நான் மாமியின் பல்லைப் பார்த்ததே இல்லை.

பெரிதாக்கிப் பிரதி எடுக்கக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் கொடுக்கவா? கொடுத்தால் இன்னொரு பூசை விழுமா?

சூட்டுக் கம்பி திரும்ப அலுமாரிக்குள்.

21 ஜனவரி, ஞாயிறு

பூசை முடிய வாசலில் வைத்துக் கொடுத்தேன். பார்த்தார். கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

23 ஜனவரி

வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, போன்.

"பிள்ளை, அந்தப் படத்திலை எனக்கு வயசு தெரியேல்லை."

"ஓம் மாமி."

"றொக்சன் சொல்றான், அம்மா நீங்கள் சிரிச்சா இப்பிடியோ எண்டு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உந்த மேடையிலை நிண்டா எல்லாரும் இப்பிடி வருவினமோ?"

"வருவினம் மாமி. வெளிச்சம் பின்னாலை இருந்து வரவேணும். அவ்வளவுதான்."

"அப்ப நீயே செய். ரொறன்ரோக்காரரை நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். ஆனா அன்னம் வேணும்."

"மாமி..."

"ஒண்டாவது வேணும் பிள்ளை. அன்னமில்லாமல் அது கலியாணமோ?"

ஓம் என்றேன். போனை வைத்துவிட்டு அதே சமையலறைக் கதிரையில் இருந்து சிரித்தேன்.

11 பெப்ரவரி, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத இன்றைக்குத்தான் கை வருகிறது.

மண்டபத்து விளக்குகளை அணைத்து, துணிக்குப் பின்னால் விளக்கைப் போட்டார் தேவதாசன். கூரைவரை காட்டுக் கரட். இடைக்கிடை எருக்கலைச் சொந்தக்காரனின் வெடித்த காய்கள், பட்டுப் பஞ்சோடு நூலில் தொங்க, சனம் நடக்கிற காற்றுக்கே மெல்ல ஆடின. மண்டபம் ஒரு கணம் கதைப்பதை நிறுத்தியது. எங்கள் ஆக்கள், சாப்பாடு வரமுன்னம், கதைப்பதை நிறுத்தினார்கள்! ரக்ஷனா என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினாள்.

அன்னமும் இருந்தது. துணிக்குப் பின்னால், களைகளுக்கு நடுவில் நிற்க வைத்தேன். நிழல் மட்டும். முதல் தடவையாக என் அன்னம் தண்ணீரில் நின்றது போல இருந்தது.

இந்த முறை மாமி ஒரு படத்துக்கும் முகத்தை மூடவில்லை. ரொறன்ரோவிலிருந்து வந்த புஷ்பவதி என்கிற அவரின் மச்சாள், "ஆர் செய்தது?" என்று கேட்டார். "உது என்ரை தெரிவு" என்றார் மாமி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு என் தோளைப் பிடித்து முன்னுக்குத் தள்ளி, "செய்தது இவள். எங்கடை றெபேக்கா" என்றார். அழுகை வந்துவிட்டது. சனத்துக்கு நடுவில், சந்தோசத்தில், மூக்கு ஒழுக.

18 பெப்ரவரி, ஞாயிறு

பூசைக்கு முன்னம் வாசித்தார்கள்: "றெபேக்கா தேவதாசன் பூரண சுகமடைந்தமைக்கு நன்றியாக, அல்போன்சம்மா குடும்பத்தினர்."

கோபப்படலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் தேவதாசன் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். எனக்கும் தொற்றிவிட்டது. பாதர் இரண்டு தரம் எங்கள் பக்கம் பார்த்தார்.

பூசை முடிய மாமி என் கையைப் பிடித்து, "பாத்தியே, மாதா கைவிடேல்லை. வா, ஒரு சாமான் காட்டுறன்" என்று கார்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பின்பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுக்கக் காட்டுக் கரட்! தலையில் இன்னும் பனியோடு. இல்-பிசார் வீதியோரம், அருமைராசா அண்ணையைக் காரில் காவல் வைத்துவிட்டு, பட்டுச் சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே வாய்க்காலுக்குள் இறங்கினாராம். சப்பாத்துக்குள் பனி போய்க் கால் விறைத்துவிட்டதாம். "உயிர்த்த ஞாயிறுக்குப் பீடத்துக்குப் பின்னாலை கட்டுவம் பிள்ளை. பாதரிட்டைச் சொல்லிப்போட்டன். அன்னம் வேண்டாம்" என்றார்.

தேவதாசன் என் காதுக்குள் மெல்ல, "இனி இவவுக்கு ஆர் பூசை ஒப்புக்குடுக்கிறது?" என்றார்.

நான் கமராவை எடுத்தேன். பின்பெட்டிக்கு முன்னால் ஒரு கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற மாமி, "பொறு பொறு" என்று வெயிலைத் தேடித் தானே திரும்பி நின்றார். "பின்னாலை இருந்துதானே வெளிச்சம் வரவேணும்?"